சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நாள் பினாங்கு: கடையில் நின்று கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், ஃபோட்டோஸ்டெட் எடுக்க வருகிறவர்களும் ஃபோனில் ரயில் டிக்கெட் போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்களும் என் கடை வாசலில் நின்று அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஈப்போவுக்கு வழி கேட்டு யாரும் வருவதில்லை. பினாங்கு என்றால் மட்டும் ஆயிரம் சந்தேகம். பின்னால் வரிசை நிற்கும்போது முழுதாகச் சொல்லவும் முடிவதில்லை, அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

சுங்கை சிப்புட் டவுனிலிருந்தும் எல்பில், கமுனிங் மாதிரி சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களை நினைத்து எழுதியது. கடற்கரை ஹோட்டல், நீச்சல் குளம் வேண்டும் என்பவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

காலையில போயிட்டு ராத்திரிக்குள்ள வீடு வந்துடலாமா, இல்ல ரூம் போடணுமா?

தாராளமாக வந்துவிடலாம், ரூம் தேவையில்லை. இங்கிருந்து பட்டர்வொர்த்துக்குக் கொமுட்டர் ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், அங்கிருந்து ஃபெரியில் கால் மணி நேரம்கூட ஆகாது. விடியற்காலை வண்டியைப் பிடித்தால் வெயில் சூடேறும் முன்பே ஜார்ஜ்டவுனில் இறங்கிவிடலாம்.

ஆனால் ஒன்று. தீவு முழுக்கப் பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். ஃபெரி துறையிலிருந்து பினாங்கு ரோடு வரைக்கும் உள்ள பழைய டவுன், அது மட்டும் போதும், அதற்கே ஒரு நாள் சரியாக இருக்கும். ஒரே நாளில் கொடிமலை (பினாங்கு ஹில்), பாம்புக் கோயில், பத்து ஃபிரிங்கி, கெக் லோக் சி எல்லாம் என்று போனவர்கள் அடுத்த நாள் கடைக்கு வந்து சொல்வது டிராஃபிக் ஜாம் கதைதான். சாப்பிட்டதைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

ரயிலா, காடியா? காடியில போனா நம்ம இஷ்டத்துக்குச் சுத்தலாமே?

காடியில் போனால் நம் இஷ்டத்துக்குச் சுற்றலாம்தான், பார்க்கிங் தேடி. ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்கள் மாட்டுவண்டிக்கும் ரிக்‌ஷாவுக்கும் போட்டவை. சனி, ஞாயிறில் அதே தெருவை மூன்று முறை வலம் வந்து கடைசியில் ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் நிறுத்திவிட்டு, எப்படியும் நடக்கத்தான் போகிறீர்கள். போதாததற்குப் பாலத்தில் மாலை நெரிசல். 1985-ல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் அது, பார்க்க வேண்டிய ஒன்றுதான், ஆனால் பசியோடு அழும் பிள்ளையைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய ஒன்று இல்லை.

ரயிலில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் புக்கிட் பெராப்பிட் குகைப்பாதை வரும், மூன்று கிலோமீட்டருக்கும் மேல், பிள்ளைகள் கத்தித் தீர்க்கலாம். கமுந்திங் தாண்டி பாகான் செராய் வருவதற்கு முன் ரயில் புக்கிட் மேரா ஏரியின் நடுவிலேயே போகும், இரண்டு பக்கமும் தண்ணீர். ஃபோனைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பாருங்கள். பெரியவர்களுக்கு மைகாட் அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு.

வண்டி எத்தனை மணிக்கு?

அவ்வப்போது மாற்றுகிறார்கள், அதனால் இங்கே போட மாட்டேன். கேடிஎம் செயலியில் முதல் நாள் இரவு பாருங்கள், இல்லையென்றால் கடைக்கு வாருங்கள். போகிற வண்டியைவிடத் திரும்புகிற வண்டி முக்கியம். கொமுட்டர் கேஎல் மாதிரி அடிக்கடி ஓடாது, ஒன்றை விட்டால் அடுத்ததுக்கு நெடுநேரம் பிளாட்ஃபாரத்தில் உட்கார வேண்டும். திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கி நாளைத் திட்டமிடுங்கள். இடிஎஸ் விரைவு வண்டி என்றால் சீட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டும், விடுமுறையில் முதலில் தீர்ந்துபோவது அதுதான்.

ஃபெரிக்கு டிக்கெட் எங்க வாங்கணும்? காசு எடுக்க மாட்டாங்களாமே?

ஆமாம், ரொக்கம் வாங்குவதில்லை. டச் அண்ட் கோ கார்டு, வங்கி கார்டு, ஈ-வாலெட் ஏதாவது ஒன்று வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு இரண்டு வெள்ளி அளவில்தான் ஆகும், ஆனால் கார்டில் பணம் இல்லாமல் அங்கே போய் நின்றால் வரிசை முழுக்க உங்களைப் பார்க்கும். இங்கேயே டவுனில் பணம் போட்டுக்கொண்டு போங்கள். ரயில் நிலையத்திலிருந்து பினாங்கு சென்ட்ரல் வழியாகக் கூரை போட்ட நடைபாதை நேராக ஃபெரிக்கே போகும்.

காடியை ஏற்றிக்கொண்டு போகும் அந்தப் பழைய இரண்டு மாடி ஃபெரியை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், அது 2020 கடைசியோடு நின்றுவிட்டது. 2023-லிருந்து ஓடுவது புதுப் படகுகள். ஆள், சைக்கிள், மோட்டார் மட்டும்தான் ஏற்றுவார்கள். குளிர்சாதனம் இருக்கிறது. பழையதில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உப்புக்காற்று வாங்கியது தனி சுகம், அதைச் சொல்லி என்ன செய்ய.

இறங்கின உடனே எங்க பசியாறுறது?

ஃபெரியிலிருந்து வெளியே வந்து, பழைய வங்கிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் பீச் ஸ்திரீட்டைக் கடந்தால் கடைத்தெரு. லெபோ பாசார் என்று பலகையில் இருக்கும், நம் ஆட்களுக்கு அது என்றைக்கும் கடைத்தெருதான். நடந்தால் பத்து நிமிடம். கடைத்தெருவும் லெபோ பினாங்கும் சேரும் சுற்றுவட்டாரத்தில் தோசை, இட்லி, பூரி கிடைக்கும் கடைகள் நிறைய. கேசட் கடைக் காலத்திலிருந்து ஓயாத பாட்டுச் சத்தமே வழி காட்டும்.

தோசைதான் நம் ஊரிலேயே கிடைக்கிறதே என்றால் ஜாலான் டிரான்ஸ்ஃபர் பக்கம் ரொட்டி சானாய் சாப்பிடலாம், ரொட்டியைக் கறிக் குழம்பில் முக்கியே தட்டில் போட்டுத் தருவார்கள். அது கொஞ்சம் தூரம், கிராப் வாடகைக் காடி எடுத்தால் நல்லது. எங்கே சாப்பிட்டாலும் காலையில் வயிற்றை நிரப்பாதீர்கள். நான்கு பேர் போனால் இரண்டு பேர் சாப்பாட்டை வாங்கிப் பிரித்துச் சாப்பிடுங்கள். மதியத்துக்குள் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது.

அந்த டவுன்ல பாக்குறதுக்கு அப்படி என்ன இருக்கு? எல்லாம் பழைய கடைதானே?

பழைய கடைதான், அதற்காகத்தான் 2008-ல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டார்கள். வரிசையாகச் சொல்கிறேன், இந்த வழியிலேயே நடந்தால் கால் வலிக்காது. கடைத்தெருவிலிருந்து குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில். 1833-ல் கட்டியது, பினாங்கில் மிகப் பழைய இந்துக் கோயில் அதுதான். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே கும்பிட்டுவிடுங்கள். அங்கிருந்து சூலியா தெருவுக்கு நடந்தால் நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவர் பெயரில் இங்கே குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் 1800-களின் தொடக்கத்தில் எழுப்பியது. சின்னக் கட்டடம்தான், பலர் பார்க்காமலே தாண்டிப் போகிறார்கள்.

தர்காவுக்குக் கொஞ்ச தூரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801-ல் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் தொடங்கியது. தொழுகை நேரம் இல்லாதபோது உள்ளே விடுவார்கள், போட்டுக்கொள்ள அங்கி தருவார்கள். அதே சாலையில் சீனர்களின் கருணைத் தேவி கோயில், ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும். ஒரே சாலையை ஒட்டி மூன்று மதத்துக் கோயில்கள், நடந்து பார்க்க அரை மணி நேரம்.

அப்புறம் ஆர்மேனியன் ஸ்திரீட். சைக்கிளில் அக்காவும் தம்பியும் போகிற மாதிரிச் சுவரில் வரைந்து, நிஜச் சைக்கிளை ஒட்டி வைத்திருக்கும் படம் அங்கேதான், 2012-ல் எர்னெஸ்ட் ஸக்காரெவிச் என்ற லித்துவேனியா ஓவியர் வரைந்தது. ஃபோட்டோ எடுக்க வரிசை இருக்கும். பிள்ளைகள் கேட்டால் நில்லுங்கள், இல்லையென்றால் தாண்டிப் போய்க் கடல்மேல் மரக்கால் நட்டுக் கட்டியிருக்கும் சியூ குலத்தார் வீடுகளைப் பாருங்கள். பலகைக்கு இடையில் கீழே தண்ணீர் தெரியும், சின்னப் பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே மக்கள் இன்னும் குடியிருக்கிறார்கள், வீட்டு வாசலில் நின்று செல்ஃபி எடுப்பது எனக்குப் பிடிக்காது. நம் லயத்து வாசலில் யாராவது வந்து அப்படி நின்றால் சும்மா விடுவோமா?

எங்க தாத்தா கப்பல்ல வந்து பினாங்குலதான் இறங்கினாராம். அந்த இடம் இன்னும் இருக்கா?

இந்தக் கேள்வியைத் தோட்டத்திலிருந்து வருகிற பெரியவர்கள் எப்படியும் கேட்டுவிடுகிறார்கள். நாகப்பட்டினம், சென்னையிலிருந்து வந்த கப்பல்களுக்குப் பினாங்கு முதல் துறை. ரஜூலா என்ற பெயரை வீட்டில் கேட்டிருப்பீர்கள், 1926-லிருந்து 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடியது அதுதான். தாத்தா 1910-க்கு முன் வந்திருந்தால் ஒப்பந்தக் கூலியாக வந்திருக்கலாம், அந்த ஆண்டோடு அந்த முறை நின்றது. அதற்குப் பிறகு என்றால் பெரும்பாலும் கங்காணி மூலமாக. 1938-ல் இந்திய அரசு தோட்டக் கூலிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது.

பார்க்கக்கூடிய இடம் இரண்டு. ஒன்று ஸ்வெட்டன்ஹாம் துறை, பெரிய கப்பல் நிற்க 1904-ல் கட்டியது, இப்போது உல்லாசக் கப்பல்கள் நிற்கின்றன. ஃபெரியிலிருந்து கடலோரமாக வடக்கே நடந்தால் விக்டோரியா மகாராணி பெயரில் உள்ள மணிக்கூண்டு வரும், துறை அதற்கு எதிரே. இன்னொன்று புலாவ் ஜெரெஜாக், அம்மை, காலரா பயத்தில் கூலிகளை இறக்கி வைத்திருந்த தீவு. தொழுநோய் இல்லமும் அங்கே இருந்தது, அப்புறம் 1969-லிருந்து 1993 வரை சிறைச்சாலை. பாலம் வழியாகத் தீவுக்குப் போகிறவர்களுக்கு இடது பக்கம் தெரியும். பெரியவர்கள் கூட வந்தால் மணிக்கூண்டுப் பக்கம் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள், வீட்டில் சொல்லாத கதையெல்லாம் அங்கே வரும். அப்போது நாசி கண்டாருக்கு நேரமாச்சு என்று இழுக்காதீர்கள்.

நாசி கண்டார் நம்ம ஊர் மாமாக் கடையிலயும்தான் இருக்கு. அதுக்கா அவ்வளவு தூரம்?

அதுக்குத்தான். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி மாதிரிக் கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் கறி தொங்கவிட்டுத் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சாப்பாடு இது. லெபோ கேம்பெல்லில் இருக்கும் ஹமீதியா 1907-லிருந்து நடக்கிறது. பினாங்கு ரோட்டுச் சந்துக்குள் லைன் கிளியர் இருக்கிறது. ஜாலான் குருத்வாராவில் டீன் மாஜு. எது சிறந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், பினாங்குக்காரர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

வித்தியாசம் குழம்பில் இருக்கிறது. சோற்றைப் போட்டுக் கோழியோ மீனோ வெண்டைக்காயோ நீங்கள் காட்டியதை வைத்த பிறகு, அந்த ஆள் கரண்டியை ஒரு குண்டானில் விட்டு மேலாக எண்ணெய் கலந்து அள்ளிச் சோற்றின் ஓரத்தில் விடுவார், அடுத்த குண்டானில் அடியிலிருந்து கெட்டியாக அள்ளி நடுவில், மூன்றாவதில் கரண்டி முனையை மட்டும் நனைத்து மேலே ஒரு கோடு. எல்லாம் நான்கைந்து விநாடி. எந்தக் குழம்பு எவ்வளவு என்று அவர் கைக்குத்தான் தெரியும், வீட்டில் அதே மசாலாவை வைத்துச் செய்தாலும் வராது. குழம்பு நிறைய வேண்டும் என்றால் 'பஞ்சிர்' என்று சொன்னால் போதும். பதினொன்றரைக்கு முன் போய்விடுங்கள், பன்னிரண்டு மணி வரிசையில் பிள்ளைகளோடு நிற்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. பெரிய இறால், மீன் முட்டை, கணவாய் இதையெல்லாம் கையைக் காட்டும் முன் விலை கேளுங்கள். ஒரு கடையில் எனக்குத் தெரிந்த குடும்பம் கேட்காமல் இரண்டு இறால் எடுத்துவிட்டுக் கல்லாவில் நின்று முழித்தது. கோழி, காய், முட்டையோடு நிறுத்தினால் பில் பயமுறுத்தாது.

நாங்க மாடு சாப்பிட மாட்டோம். கண்டார் கடைக்குள்ள போகலாமா?

நேர்மையாகச் சொல்கிறேன். மாட்டுக்கறிக் குண்டான் கோழிக் குண்டானுக்குப் பக்கத்திலேயே இருக்கும், மேலே சொன்ன அந்தக் கரண்டி எல்லாவற்றிலும் போய் வரும். சோறு போடும்போதே 'டாகிங் குவா வேணாம், ஆயாம், இக்கான் குவா மட்டும்' (மாட்டுக்கறிக் குழம்பு வேண்டாம், கோழி, மீன் குழம்பு மட்டும்) என்று சொன்னால் பெரும்பாலும் வேறு கரண்டி எடுப்பார்கள். பழைய கடைகளில் தமிழிலேயே சொல்லலாம். இப்போது பரிமாறுகிறவர்கள் பலர் வெளிநாட்டுப் பையன்கள், அதனால் மலாயில் தெளிவாகச் சொல்வது நல்லது.

அதுவும் மனதுக்கு ஒப்பவில்லை என்றால் போகவே போகாதீர்கள், சாப்பிட்டுவிட்டு வீடு வரைக்கும் சங்கடப்படுவதில் அர்த்தமில்லை. கடைத்தெருப் பக்கம் வாழை இலைச் சாப்பாடு இருக்கிறது, இரசம், மோர், பொரித்த மீனோடு. அதில் ஒரு குறையும் இல்லை.

வெள்ளிக்கிழமை சைவம். லக்சா சாப்பிடலாம்தானே, மீன் துண்டே இல்லையே?

மீன் துண்டு இல்லை, ஏனென்றால் மீன் முழுவதும் குழம்பிலேயே கரைந்திருக்கிறது. பினாங்கு அசாம் லக்சாவே கெம்போங் மீனை வேகவைத்து உதிர்த்துப் புளியோடு செய்வதுதான். மேலே விடும் கறுப்புப் பசை இறாலில் செய்தது. பழ ரொஜாக்கிலும் அதே பசை. பசெம்பூரில் இறால் வடை இருக்கும். சார் குவே தியாவில் மட்டியும் இறாலும், சீனர் கடை என்றால் பன்றிக் கொழுப்பும் இருக்கலாம். ஹொக்கியன் மீயின் சாறே இறால் தலையும் பன்றி எலும்பும். ஆக, தள்ளுவண்டிப் பக்கம் சைவக்காரர்களுக்கு அதிகம் இல்லை.

லெபோ பினாங்கில் முழுச் சைவக் கடைகள் இருக்கின்றன. ஆப்பம், தேங்காய்ப்பூவும் பழுப்புச் சீனியும் தூவிய புட்டுமாயம், செண்டோல் எல்லாம் ஆகும். சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதம், செப்டம்பர் அக்டோபர் வாக்கில் ஒன்பது அரசர் விழா வரும், அப்போது பல சீனக் கடைகளே மஞ்சள் கொடி கட்டிச் சைவத்துக்கு மாறிவிடும். சைவக்காரர்கள் சார் குவே தியா ருசி பார்க்க அதுதான் நேரம்.

குடிக்க என்ன நல்லா இருக்கும்?

வெயிலுக்கு முதலில் ஜாதிக்காய்த் தண்ணீர். பழத்தின் சதையில் செய்வது, பழுப்பு நிறத்தில் ஒன்று, வெள்ளையாகப் புளிப்பாக ஒன்று, எனக்கு வெள்ளைதான் பிடிக்கும். அம்ரா ஜூஸில் அசாம் போய் ஊறுகாய்ப் பழம் போட்டுத் தருவார்கள், பச்சையாகப் புளிப்பாக இருக்கும், தலைச்சுற்றல் உடனே போகும். தே தாரே எங்கேயும் கிடைக்கும், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

செண்டோல் மட்டும் தனி. பினாங்கு ரோட்டை ஒட்டி லெபோ கெங் குவீ என்ற சந்தில் 1936-லிருந்து விற்கிறார்கள். துருவிய ஐஸ், பச்சைச் சேமியா மாதிரிச் செண்டோல், சிவப்புப் பயறு, தேங்காய்ப்பால், மேலே குலா மலாக்கா. கூட்டத்தோடு சந்தில் நின்றுகொண்டே குடிக்க வேண்டும். கலக்காமல் குடிக்காதீர்கள், சர்க்கரை எல்லாம் அடியில் கிடக்கும்.

அண்ணே, வேற குடிக்கிறதுக்கு...?

சீனக் காப்பிக் கடைகளில் பீர் இருக்கும். குடும்பத்தோடு போகிறீர்கள், ஃபெரியும் ரயிலும் பிடித்துத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் சொல்வேன்.

பாட்டிக்கு முட்டிவலி. அவ்வளவு நடக்க வைக்க முடியுமா?

வேண்டாம். ஃபெரி துறையிலிருந்து கொம்தார் வரைக்கும் பழைய டவுனைச் சுற்றி இலவச பஸ் ஓடுகிறது, கேட் என்று போட்டிருக்கும். கடைத்தெருவிலிருந்து செண்டோல் சந்துப் பக்கம் போக அது போதும், நடந்தால் வயதானவர்களுக்குக் கஷ்டம். திரிஷாவும் இருக்கிறது, ஏறும் முன் எவ்வளவு நேரம், எத்தனை வெள்ளி என்று இரண்டையும் பேசிக்கொள்ளுங்கள்.

கடை வீடுகளுக்கு முன்னால் இருக்கும் ஐந்தடி நடையில் நிழல் உண்டு, ஆனால் ஒவ்வொரு கடைக்கும் தரை ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும். நடுவில் மோட்டார் நிற்கும். பாட்டியை யாராவது ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும், வீல்சேர் என்றால் ரொம்பச் சிரமம். மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெளியே எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்துக்குத்தான் சாப்பாடு, செண்டோல், சௌராஸ்தா மார்க்கெட் எல்லாம்.

மழை வந்தா நாள் கெட்டுப்போகுமே?

செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம், மற்ற மாதத்தில் பெரும்பாலும் மாலையில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நிற்கும். மேலே சொன்ன ஐந்தடி நடை அப்போது உதவும். குடை வேண்டும், காலில் சிலிப்பர் வழுக்காததாகப் பாருங்கள்.

கொடிமலையும் தண்ணீர்மலையும் சேர்த்துப் பாத்துட்டு வந்துடலாம்ல?

முதல் பதிலிலேயே சொன்னேன், இருந்தாலும் கேட்பீர்கள் என்று தெரியும். கொடிமலை ரயில் 1923-லிருந்து ஓடுகிறது, இப்போது ஓடுவது 2011-ல் வந்த புது வண்டி. ஏறச் சில நிமிடம்தான், ஏற நிற்கும் வரிசைதான் விடுமுறை நாளில் மணிக்கணக்கில். ஃபெரி துறையிலிருந்து 204-ஆம் பஸ் அடிவாரம் வரை போகும். மேலே முருகன் கோயிலும் உண்டு, குளிர்ந்த காற்றும் உண்டு. ஆனால் போக வர, நிற்க, இறங்க என்று அரை நாளுக்கு மேல் போய்விடும், டவுன் அவ்வளவுதான்.

தண்ணீர்மலையில் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி, புதுக் கோயில் 2012-ல் கும்பாபிஷேகம் ஆனது. பக்கத்திலேயே 1884-ல் தொடங்கிய தாவரத் தோட்டம், 10-ஆம் பஸ் போகும், குரங்கு கையில் இருப்பதைப் பிடுங்கும். வேண்டுதல் இருந்தால் காலையில் நேராக அங்கே போய்விட்டு, வெயில் ஏறியதும் டவுனுக்கு வந்து சாப்பிடுங்கள். கோயில் அல்லது கொடிமலை, இரண்டில் ஒன்று. இரண்டும் வேண்டும் என்றால் இன்னொரு நாள் வாருங்கள், பினாங்கு எங்கும் ஓடிப்போகாது.

எந்த நாள்ல போகக் கூடாது?

தைப்பூசத்துக்கு என்றே போனால் சரி, சாப்பிடப் போகிறவர்கள் அன்றைக்குப் போகக் கூடாது. கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பினால் சாலைகள் அடைத்துவிடும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் முஸ்லிம் கடைகள் சில சாத்தியிருக்கும், பள்ளிவாசலுக்குள்ளும் போக முடியாது. நோன்பு மாதத்தில் கண்டார் கடை பல பகலில் திறக்காது. தள்ளுவண்டிக்காரர்கள் வாரத்தில் ஒரு நாள் விடுப்பு எடுப்பார்கள், ஆளுக்கு ஒரு கிழமை, அதனால் ஒரே கடையை நம்பிப் போகாமல் மனதில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு என்ன வாங்கிட்டு வர்றது?

சௌராஸ்தா மார்க்கெட்டில் ஜாதிக்காய், மாங்காய், நெல்லி ஊறுகாய்ப் பழங்கள் கண்ணாடிச் சாடிகளில் வைத்திருப்பார்கள், ருசி பார்த்து வாங்கலாம். பருப்பு வைத்த தௌ சார் பியா ஒரு பெட்டி. முட்டிவலிப் பாட்டிக்கு ஜாதிக்காய் எண்ணெய். இதையெல்லாம்விட நான் வாங்கச் சொல்வது ரொட்டி பெங்காலி, அடுத்த நாள் காலை மிச்சக் கோழிக்கறியில் தொட்டுச் சாப்பிட அதற்கு ஈடில்லை. புடவை, பித்தளை, பூஜைச் சாமான் கடைத்தெருவில் கிடைக்கும். அதை ஃபெரி ஏறும் முன், கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே வாங்கிவிட்டு நாள் முழுக்கக் குத்துவிளக்கைச் சுமந்தவர்களை எனக்குத் தெரியும்.

பன்னெண்டு பேர் இருக்கோம், வேன் எடுத்தா எல்லாத்தையும் பாத்துடலாமே?

பன்னிரண்டு பேரை ஒரே நேரத்தில் எந்தக் கடையிலும் உட்கார வைக்க முடியாது. ஒருவர் கழிவறை போனால் பதினொரு பேர் நிற்பார்கள். பேசாமல் மூன்று நான்கு குழுவாகப் பிரிந்து, மணிக்கூண்டில் இத்தனை மணிக்குச் சேர்வோம் என்று சொல்லிவிட்டு அவரவர் வழியில் போங்கள். வேன்தான் வேண்டும் என்றால், ஓட்டுநரை பட்டர்வொர்த்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு ஃபெரியில் கடந்துவிடுங்கள். திரும்பும்போது பிள்ளைகளை வேனில் படுக்க வைத்துக் கூட்டி வர வசதியாக இருக்கும், பார்க்கிங் தலைவலியும் இல்லை.

கடைசி ரயிலை விட்டுட்டா என்ன பண்றது?

பதற வேண்டாம். பட்டர்வொர்த் ரயில் நிலையத்தை ஒட்டியே பினாங்கு சென்ட்ரல் பஸ் நிலையம் இருக்கிறது, ஈப்போ பஸ் கேளுங்கள். சனி, ஞாயிறு இரவில் பஸ்ஸும் நிரம்பும், அதனால் ரயிலை விடப் போகிறோம் என்று ஃபெரியில் இருக்கும்போதே தெரிந்தால் ஃபோனிலேயே டிக்கெட் போட்டுவிடுங்கள். ஈப்போவில் இறங்கிய பிறகு அந்நேரத்துக்குச் சுங்கை சிப்புட்டுக்கு பஸ் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள், யாராவது சொந்தக்காரரைக் காடியோடு வரச் சொல்ல வேண்டும். அவருக்கும் சேர்த்து ஒரு பெட்டி தௌ சார் பியா வாங்கியிருந்தால் திட்டு குறையும்.